வில்லையில் உறைந்த கரு: பல்கலைக்கழகத்தில் வளர்ச்சி உயிரியல்

பி.எஸ்ஸி. விலங்கியல் படித்த யாரைக் கேட்டாலும் கோழிக்கருவின் 24 மணி, 33 மணி, 48 மணி, 72 மணி, 96 மணி வில்லைகள் நினைவில் இருக்கும். செய்முறைத் தேர்வில் வரிசையாக நுண்ணோக்கிகள் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண் அட்டை. மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். இதற்கு ‘ஸ்பாட்டர்’ என்று பெயர். சாயம் ஏறிய கருவைப் பார்த்து “48 மணி” என்று எழுதி, படம் வரைந்து, நான்கு பாகம் குறித்தால் மதிப்பெண் வந்துவிடும். அந்தக் கரு ஒருகாலத்தில் உயிரோடு இருந்தது, அதன் இதயம் துடித்துக்கொண்டிருந்தது என்ற எண்ணமே எழாமல் பட்டம் வாங்கிப் போகிறவர்கள்தான் அதிகம்.

ஒற்றைச் செல் ஓர் உடலாக மாறும் நிகழ்வைப் பற்றிய படிப்பு வளர்ச்சி உயிரியல். அதில் எல்லாமே காலத்தோடு நகர்பவை. நகராத ஒன்றைக் காட்டி அதைக் கற்பிப்பது எப்படி இயலும்? இந்தக் கட்டுரை இந்தக் கேள்வியைத்தான் பின்தொடர்கிறது. இந்தப் பாடம் எப்படி உருவானது, பல்கலைக்கழகங்களுக்கு எந்த வடிவத்தில் வந்து சேர்ந்தது, இந்தியாவில் யார் எதைச் செய்து காட்டினார்கள், இன்றைய மாணவருக்கு இதிலிருந்து என்ன கிடைக்க வேண்டும் என்பவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிருள்ள கருவை ஒருமுறையாவது தொடர்ந்து பார்க்காத மாணவருக்கு இந்தப் பாடம் புரிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. அதைப் பார்க்கவைக்கும் வசதி நம் கல்லூரிகளுக்கு எட்டாத ஒன்றும் அல்ல.

கருவைப் பார்க்கும் ஆவல் பழையது. அரிஸ்டாட்டில் கோழிமுட்டைகளை நாள்வாரியாக உடைத்துப் பார்த்தார். 1759-இல் காஸ்பர் ஃபிரெட்ரிக் வுல்ஃப், உறுப்புகள் முட்டைக்குள் சிறிய உருவில் முன்பே ஒளிந்திருக்கவில்லை, படிப்படியாகப் புதிதாக உருவாகின்றன என்று வாதிட்டார். 1817-இல் கிறிஸ்டியன் பாண்டர் கோழிக்கருவின் அடுக்குகளை இனங்கண்டார். 1827-இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர் பாலூட்டியின் கருமுட்டையைக் கண்டுபிடித்தார். பாடநூல்களின் முதல் இயலில் இவை வரிசையாக வரும். மாணவர்கள் ஆண்டுகளை மனப்பாடம் செய்வார்கள். இதில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை என்பது என் கருத்து. பாடம் உயிர்பெறுவது இதற்குப் பின்னால், கருவில் கைவைத்துச் சோதித்துப் பார்க்கத் தொடங்கிய காலத்தில்.

1888-இல் வில்ஹெல்ம் ரூ இரண்டு செல்லாகப் பிரிந்த தவளை முட்டையில் ஒரு செல்லைச் சூடான ஊசியால் குத்திக் கொன்றார். மிஞ்சிய செல் அரைக் கருவாக வளர்ந்தது. ஆக, ஒவ்வொரு செல்லும் தன் பங்கை மட்டுமே செய்யும், அதற்கு மேல் அதனிடம் ஒன்றும் இல்லை என்று அவர் முடிவுகட்டினார். மூன்றாண்டு கழித்து ஹான்ஸ் ட்ரீஷ் கடல் முள்ளெலியின் இரண்டு செல் கருவைக் கடல்நீரில் வைத்து வேகமாகக் குலுக்கினார். செல்கள் தனித்தனியாகப் பிரிந்தன. மறுநாள் அரை லார்வாவை எதிர்பார்த்து வந்தவர் கண்டது முழு லார்வாக்களை. அளவில் மட்டும் சிறியவை. ஒரே கேள்விக்கு இரண்டு எதிரெதிர் விடைகள். இதற்கு விலங்குகள் வேறு என்பது மட்டும் காரணமல்ல. ரூ கொன்ற செல் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ட்ரீஷின் கையில் இரண்டும் முற்றிலும் பிரிந்திருந்தன. பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து ஒரு செல்லின் எதிர்காலம் மாறுகிறது. இந்த ஒரு புள்ளியை மாணவர் தாமாகவே எட்டிப் பிடித்துவிட்டால், பின்னால் வரும் பாதிப் பாடம் தானாக விளங்கிவிடும். பெரும்பாலான வகுப்புகளில் இந்த இரண்டு சோதனைகளும் இரண்டு தனித்தனி ‘குறுவினா’க்களாக நின்றுவிடுகின்றன. ஒன்றோடொன்று மோதவிட்டால்தான் இவை பாடமாகும்.

அடுத்தது ஹில்டே மாங்கோல்டின் சோதனை. ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஸ்பீமானிடம் முனைவர் பட்டத்துக்காக அவர் செய்த வேலை அது. நிறமுள்ள ஒரு நியூட் இனத்தையும் நிறமற்ற இன்னோர் இனத்தையும் எடுத்துக்கொண்டார். ஒன்றின் கருவில் செல்கள் உள்ளே மடிந்து நுழையும் துளையின் மேலுதட்டிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, மற்றதன் வயிற்றுப்பக்கத்தில் ஒட்டினார். கருவிகள் என்று பார்த்தால் கையால் இழுத்துச் செய்த கண்ணாடி ஊசியும் மெல்லிய முடியில் செய்த கண்ணியும்தான். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம். ஒட்டிய கருக்களில் பெரும்பாலானவை செத்துப்போயின. பிழைத்த சிலவற்றில் வயிற்றுப்பக்கம் இரண்டாவதாக ஒரு முதுகுநாணும் நரம்புக்குழலும் உருவாகி, கிட்டத்தட்ட ஒட்டிப் பிறந்த இரட்டைக் கருவாகிவிட்டன. நிற வேறுபாடுதான் இங்கே தீர்ப்புச் சொன்னது: அந்த இரண்டாம் நரம்புக்குழலின் பெரும்பகுதி ஒட்டுவைத்த துண்டிலிருந்து வரவில்லை, ஏற்றுக்கொண்ட கருவின் சொந்தச் செல்களிலிருந்தே வந்தது. வயிற்றுத் தோலாகப் போக வேண்டிய செல்களை அந்தத் துண்டு வேறு வழிக்குத் திருப்பிவிட்டது. ‘ஒருங்கமைப்பான்’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது. கட்டுரை 1924-இல் வெளிவந்தது. அதே ஆண்டு சமையலறை அடுப்பு வெடித்து மாங்கோல்ட் இறந்துபோனார், வயது 25. 1935-இல் நோபல் பரிசு ஸ்பீமானுக்குக் கிடைத்தது.

அந்தத் துண்டிலிருந்து எந்தப் பொருள் வருகிறது என்று தேடி ஏறக்குறைய 70 ஆண்டுகள் ஓடின. கொன்ற திசுவும், சம்பந்தமே இல்லாத வேதிப்பொருள்களும்கூட நரம்புத் திசுவைத் தூண்டின. ஆய்வாளர்கள் திக்குமுக்காடிப் போனார்கள். 1990-களில்தான் நாகின், கார்டின் போன்ற புரதங்கள் கிடைத்தன. அவை நரம்பாக மாறு என்று கட்டளையிடவில்லை. தோலாக மாறு என்று சொல்லிக்கொண்டிருந்த வேறொரு புரதத்தை வாய்மூடச் செய்தன. தடை விலகியதும் செல்கள் தாமாகவே நரம்பாயின. இந்தக் கதையை முழுதாகச் சொல்ல இரண்டு வகுப்பு நேரம் போதும். அறிவியல் எப்படி முட்டுச்சந்தில் நிற்கும், எப்படி வெளியே வரும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து உயிரியலில் இல்லை.

மரபணுக்கள் இந்தப் பாடத்துக்குள் தாமதமாகத்தான் வந்தன. தாமஸ் ஹன்ட் மார்கன் கருவியலாளராகத் தொடங்கியவர்; பழ ஈயைக் கையில் எடுத்த பிறகு மரபியல் தனி வீடு கட்டிக்கொண்டு போய்விட்டது. பல பத்தாண்டுகள் இரு துறையாரும் ஒருவர் எழுதியதை மற்றவர் அதிகம் படிக்கவில்லை. இணைப்பு நடந்தது ஹைடல்பர்கில். கிறிஸ்டியானே நூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாவுஸும் இருவர் ஒரே நேரத்தில் பார்க்கும் நுண்ணோக்கியின் முன் எதிரெதிரே உட்கார்ந்து, திடீர்மாற்றம் அடைந்த ஆயிரக்கணக்கான ஈக்குடும்பங்களின் லார்வாத் தோலைப் பார்த்துத் தள்ளினார்கள். உடற்கண்டங்கள் சில இல்லாதவை, ஒன்றுவிட்டு ஒன்று இல்லாதவை, ஒவ்வொரு கண்டத்திலும் பாதி தலைகீழானவை என்று அவை வகைவகையாகப் பிரிந்தன. உடல் எந்த வரிசையில் கூறுபடுகிறது என்பது அந்தக் குறைகளிலிருந்தே தெரிந்தது. 1980-இல் கட்டுரை, 1995-இல் எட்வர்ட் லூயிஸோடு நோபல். அதே ஆண்டு வால்ட்டர் கேரிங்கின் ஆய்வகம் எலியின் ஒரு மரபணுவைப் பழ ஈயின் கால் பகுதியில் இயக்கி, அங்கே கண்ணை வளரச் செய்தது. வளர்ந்தது ஈயின் கண். ஆனால் ‘இங்கே கண்’ என்று சொன்ன மரபணு எலியுடையது. 500 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துபோன உயிர்களுக்கு இடையே இவ்வளவு ஒற்றுமை இருக்கும் என்று அதற்கு முந்தைய தலைமுறைப் பாடநூல் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

இப்படி இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்த பாடம் நம் பாடத்திட்டத்தில் இன்னும் ஒன்றாகக் கலக்கவில்லை. தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் இந்தத் தாளின் முதல் மூன்று அலகுகளைப் பார்த்தால் பேட்டனும் பாலின்ஸ்கியும் எழுதிய பழைய கருவியல் நூல்களின் ஒழுங்கு தெரியும்: இனச்செல் உருவாக்கம், முட்டை வகைகள், கருவுறுதல், பிளவிப்பெருகல், தவளை, கோழி, கருப்படலங்கள், தாய்சேய் இணைப்புத்திசு. கடைசி அலகில் ‘ஒருங்கமைப்பான்’, ‘குருத்தணு’, ‘சோதனைக்குழாய்க் குழந்தை’ என்று சில தலைப்புகள் ஒட்டுப்போட்டிருக்கும். ஸ்காட் கில்பர்ட்டின் பாடநூல் முதல்முறை வந்தது 1985-இல். செல்களுக்கிடையே நடக்கும் உரையாடலை மையமாக வைத்து எல்லா விலங்குகளையும் அதன் வழியாக விளக்கும் நூல் அது. அடுத்தடுத்த பதிப்புகள் உலகம் முழுக்கப் பாடமாகிவிட்டன. நம் பாடத்திட்டங்களின் நூற்பட்டியலிலும் அதன் பெயர் இருக்கிறது. ஆனால் கேள்வித்தாள் பழைய நூலின் ஒழுங்கிலேயே வருகிறது. ‘கோழிக்கருவின் வெளிப்படலங்களை விவரி’ என்ற 10 மதிப்பெண் கேள்வி ஆண்டுதோறும் எங்காவது ஒரு தாளில் இருக்கும். அந்தப் படலங்களில் ஒன்றான ஆம்னியான் ஏன் தோன்றியது, முட்டையை நிலத்தில் இட்ட முதல் முதுகெலும்பிக்கு அது என்ன வழி திறந்தது என்று கேட்டால், அதே பகுதியைப் படித்த மாணவர் சிந்தித்து எழுதுவார். விடைத்தாள் திருத்துவதற்குக் கூடுதல் நேரம் ஆகும்; அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பெரிய ஆய்வகங்களும் பணமும் இல்லாமல் இந்தத் துறையில் ஒன்றும் செய்ய முடியாது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் வரலாறு அதற்கு எதிரான சான்றுகளால் நிறைந்தது. சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தில் ஆர். கோபால அய்யர், நம் கடலில் வாழும் சால்மாசிஸ் என்னும் கடல் முள்ளெலியின் வளர்ச்சியை முட்டையிலிருந்து உருமாற்றம் வரை தொடர்ந்து பார்த்து 1935-இல் வெளியிட்டார். எடின்பர்கில் கருவியலாளர் வாடிங்டனிடம் பயின்று திரும்பிய லீலா முல்ஹெர்கர், கோழிக்கருவை ஓட்டுக்கு வெளியே வளர்க்கும் கலையைப் புனே பல்கலைக்கழகத்தில் வேரூன்றச் செய்தார். டில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியலில் பஞ்சானன் மகேஸ்வரி ஒரு பெரும் மரபையே உருவாக்கினார். பூக்கும் தாவரங்களின் கருவியல் பற்றி அவர் 1950-இல் எழுதிய நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. அதே துறையில் 1964-இல் சிப்ரா குஹாவும் சதீஷ் சந்திர மகேஸ்வரியும் ஊமத்தை இனச் செடி ஒன்றின் மகரந்தப்பையை வளர்ஊடகத்தில் வைத்து, மகரந்தத்திலிருந்தே கருக்களை வளர்த்தார்கள். ஒற்றைத் தொகுதி மரபணு மட்டுமே கொண்ட செடிகளை உருவாக்கும் வழி அதிலிருந்து பிறந்தது. பயிர்ப்பெருக்கத்தில் அது இன்றும் பயன்படுகிறது.

என்னை அதிகம் ஈர்ப்பது ஒடிசாவின் கதை. புவனேசுவரத்தின் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்பதா மொஹந்தி ஹெஜ்மாதியின் குழு தலைப்பிரட்டைகளின் வால் மீண்டும் வளர்வதை ஆராய்ந்துகொண்டிருந்தது. எடுத்துக்கொண்டது உடலை உப்பவைத்துக்கொள்ளும், மண்ணில் புதைந்து வாழும் ஓர் உள்ளூர்த் தவளை இனம்; மழைக்காலத்தில்தான் முட்டை கிடைக்கும். வாலை வெட்டிவிட்டு, வைட்டமின் ஏ கலந்த நீரில் விட்டார்கள். வால் இருந்த இடத்தில் வால் வளரவில்லை, பின்னங்கால்கள் வளர்ந்தன. எலும்பும் விரல்களும் கொண்ட கால்கள். சில தலைப்பிரட்டைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட இணைகள். முதுகெலும்பி ஒன்றில் ஓர் உறுப்பின் இடத்தில் வேறோர் உறுப்பே உருவாகும் மாற்றம் என்று உலகம் இதைக் கவனித்தது. சுஷீல் குமார் தத்தா, பிரவதி மகாபாத்ரா ஆகியோரோடு அவர் எழுதிய கட்டுரை 1992-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது; அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் மால்கம் மேடன் வேறொரு தவளையில் இதையே கண்டார். தலைப்பிரட்டை, கத்தி, வைட்டமின், தொட்டி, உற்றுப் பார்க்கும் கண் இவ்வளவுதான் தேவைப்பட்டன. ஹெஜ்மாதி ஒடிசி நடனக் கலைஞராகவும் பெயர்பெற்றவர். இந்தச் சோதனை நம் ஊர்ப் பாடத்திட்டத்தில் இடம்பெற்று நான் பார்த்ததில்லை. மாங்கோல்டுக்கு அடுத்த பக்கத்திலேயே இதை வைக்க வேண்டும்.

அப்படியானால் வகுப்பில் உயிருள்ள கருவைக் காட்டுவது எப்படி? கோழிமுட்டையிலிருந்தே தொடங்கலாம். கடையில் வாங்கும் நாமக்கல் முட்டை உதவாது. முட்டைக்கோழிப் பண்ணைகளில் சேவல் கிடையாது, ஆகவே அந்த முட்டையில் கரு இல்லை. குஞ்சுப் பொரிப்பகத்திலோ, சேவலோடு சேர்த்து நாட்டுக்கோழி வளர்ப்பவரிடமோ வாங்க வேண்டும். 38 டிகிரி செல்சியஸில், ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து ஈரம் காத்த அடைகாப்பானில், முட்டையைப் படுக்கைவாட்டில் வைத்து மேற்பக்கத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். கரு மஞ்சள்கருவின் உச்சியில் மிதந்து எப்போதும் மேலே வந்துவிடும் என்பதால் அந்தக் குறி முக்கியம். இரண்டு நாள் கழித்து, ஊசி கொண்டு மழுங்கிய முனையில் ஓட்டையிட்டு வெள்ளைக்கருவில் சிறிது உறிஞ்சி எடுத்தால் கரு மேலோட்டிலிருந்து விலகிக் கீழே இறங்கும். பிறகு மேலே நுனி கூர்மையான கத்தரியால் ஒரு சன்னல் வெட்டலாம்.

உள்ளே தெரிவதை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். மஞ்சள் பரப்பின் மேல் சிவந்த நாளங்கள் வலையாகப் பரவிய வட்டம். நடுவில் கண்ணாடிபோல் தெளிந்த கரு. அதன் வலப்பக்கம் வளைந்து புடைத்த ஒரு சிறு குழாய் விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். அதுதான் இதயம். ஏறக்குறைய ஒன்றரை நாளிலேயே அது துடிக்கத் தொடங்கிவிடுகிறது. நரம்பு எதுவும் அதனிடம் போய்ச் சேரும் முன்பே. யார் துடிக்கச் சொன்னார்கள் என்று மாணவர் கேட்பார். அந்தக் கேள்வியைக் கண்ணாடி வில்லை எழுப்பாது. வடிதாளில் வளையம் வெட்டிக் கருவின் மேல் படியவைத்து, சுற்றிலும் கத்தரித்து, தாளோடு சேர்த்து உப்புக்கரைசலுக்கு எடுத்துவந்தால் நுண்ணோக்கியில் முதுகின் இருபுறமும் சோமைட்டுகள் கட்டிகட்டியாக வரிசையில் நிற்பதை எண்ணலாம். அப்போது இன்னொன்றும் தெரியவரும். ஒரே நேரத்தில் அடைவைத்த இரண்டு முட்டைகளில் ஒன்றில் சோமைட்டு கூடவும் மற்றதில் குறையவும் இருக்கும். முட்டை எத்தனை நாள் குளிரில் கிடந்தது, எந்த வெப்பத்தில் வளர்ந்தது என்பதைப் பொறுத்து வேகம் மாறும். இதற்காகவே விக்டர் ஹாம்பர்கரும் ஹோவர்ட் ஹாமில்டனும் 1951-இல் மணிக்கணக்கை விட்டுவிட்டு, உருவத்தை வைத்து 46 நிலைகளாகக் கோழிக்கரு வளர்ச்சியைப் பிரித்தார்கள். உலகம் அதைப் பின்பற்றுகிறது. நம் செய்முறைப் பதிவேட்டில் இன்னும் ‘33 மணி’தான்.

பழ ஈ வளர்ப்பது இன்னும் எளிது. வெல்லம், மக்காச்சோள மாவு, ஈஸ்ட், அகர் கலந்த ஊடகம். 25 டிகிரியில் 10 நாளில் அடுத்த தலைமுறை. சீப்ரா மீன் கங்கைச் சமவெளியின் மீன். 1822-இல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் அதை முதலில் விவரித்தார். சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும். அதன் கரு கண்ணாடித் துகள்போல ஒளிபுகக்கூடியது; விடியலில் இட்ட முட்டையில் மறுநாள் விடியலில் கண்ணும் வாலும் தெரியும், இதயம் துடிக்கும். ஒரு வகுப்பின் காலக்கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான விலங்கு கிடையாது. கடலோரக் கல்லூரிகளுக்குக் கடல் முள்ளெலி இருக்கிறது. இழுவலையில் வீணாகச் சிக்கும் அந்த உயிரிலிருந்து முட்டையையும் விந்தையும் பெற்றுக் கலந்தால், ஒரு நிமிடத்துக்குள் முட்டையைச் சுற்றி உறை எழும்பி நிற்பதைக் காணலாம்; பிறகு இரண்டு செல் நிலையில் செல்களைப் பிரித்து வைத்தால், ரூவுக்கும் ட்ரீஷுக்கும் இடையிலான வழக்கு அங்கே நேரடியாக விளங்கும். மழை விட்டதும் குளத்தோரச் செடிகளில் மரத்தவளைகள் கட்டும் நுரைக்கூடுகளை எடுக்காமலே, இருந்த இடத்தில் வைத்து நாள்தோறும் பார்க்கச் சொல்லலாம்.

இங்கே ஒரு தடை பற்றிப் பேசியாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு விலங்குகளை அறுத்துப் பார்ப்பதைப் படிப்படியாகக் குறைக்க 2011-இலும், முற்றிலும் நிறுத்த 2014-இலும் அறிவுறுத்தியது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான தவளைகளும் எலிகளும் சுறாக்களும் வெறும் தேர்வுச் சடங்குக்காகச் செத்துக்கொண்டிருந்தன. அது நின்றது நல்லது. ஆனால் அதன் நிழலில் உயிருள்ள எதையும் வகுப்புக்குள் கொண்டுவரவே பல துறைகள் அஞ்சுகின்றன. திரைப்படங்களும் கணினி மாதிரிகளும் அந்த இடத்தை நிரப்பின. இரண்டு நாள் கோழிக்கருவுக்கு வலி உணரும் நரம்பு மண்டலம் இல்லை. பிரிட்டனின் விதிகள் பறவைக் கருவை அடைகாப்பின் கடைசி மூன்றிலொரு பங்கிலிருந்துதான் பாதுகாக்கப்பட்ட விலங்காகக் கொள்கின்றன. நம் ஒழுங்குமுறையும் இதைத் தெளிவாக எழுதிவைத்தால் ஆசிரியர்களின் அச்சம் விலகும். கூடவே, எந்த உயிரையும் எதற்காகத் தொடுகிறோம் என்று முன்கூட்டியே எழுதி அனுமதி பெறும் பழக்கம் மாணவரிடம் இளங்கலையிலேயே வர வேண்டும். அது படிப்பின் ஒரு பகுதிதான்.

தாவரங்களைப் பற்றி ஒரு வருத்தம். மகரந்தக் கருவை உருவாக்கிய நாட்டில், விலங்கியல் மாணவர் தாவர வளர்ச்சியைப் பற்றி ஒரு வரியும் படிக்காமல் முதுகலை முடித்துவிடலாம். தாவரவியல் மாணவருக்கு மாங்கோல்ட் யாரென்று தெரியத் தேவையில்லை. விலங்கின் உடல் திட்டம் பெரும்பாலும் கருவிலேயே முடிந்துவிடுகிறது. ஆலமரம் நூறு ஆண்டுக்குப் பிறகும் நுனியில் புதிய உறுப்புகளை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. 1991-இல் என்ரிகோ கோயனும் எலியட் மேயரோவிட்ஸும் பூவின் நான்கு வட்டங்களும் மூன்று வகை மரபணுக்களின் சேர்க்கையால் உருவாவதை விளக்கினார்கள். பழ ஈயின் உறுப்பு மாற்றங்களுக்கும் அதற்கும் தர்க்கம் ஒன்றே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதவரை இந்தத் தாளின் பெயர் ‘விலங்கு வளர்ச்சி’ என்றுதான் இருக்க வேண்டும்.

கணிதத்தின் கதையும் இதுவே. ஆலன் டூரிங் 1952-இல், ஒன்றோடொன்று வினைபுரிந்து பரவும் இரண்டு வேதிப்பொருள்களே புள்ளிகளையும் வரிகளையும் தாமாக உருவாக்க முடியும் என்று சமன்பாடுகளால் காட்டினார். 1995-இல் ஷிகெரு கோண்டோ கடல் ஏஞ்சல்மீனின் வரிகள் அது வளர வளர அந்தச் சமன்பாடு சொன்னபடியே நகர்வதைக் கண்டார். கணிதத்தைப் பிளஸ் டூவோடு விட்டுவந்த மாணவருக்கு இது எட்டாது என்று நினைக்க வேண்டாம். கணினித்துறை நண்பரோடு உட்கார்ந்து ஒரு மாலையில் அந்த வரிகளைத் திரையில் ஓடவிடலாம்.

மருத்துவத்தோடு இந்தப் பாடத்தின் தொடர்பு நெருக்கமானது. இந்தப் பகுதியைத்தான் மாணவர்கள் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். தாலிடோமைடு என்னும் மருந்து 1957 முதல் 1961 வரை கர்ப்பிணிகளுக்கு விற்கப்பட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தார்கள். கருவுற்ற 20-ஆம் நாளிலிருந்து 36-ஆம் நாள் வரையிலான சில நாள்களில் தாய் அதை விழுங்கியிருந்தாலே போதும். எந்த நாளில் எந்த உறுப்பு உருவாகிறது என்ற அட்டவணை, மனப்பாடத்துக்குரிய பட்டியல் அல்ல என்பது இங்கே புரியும். ஃபோலிக் அமிலத்தின் கதையும் அப்படியே. மனிதக் கருவின் நரம்புக்குழல் கருவுற்று ஏறக்குறைய 28 நாளில் மூடிக்கொள்கிறது. அப்போது மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரமே ஆகியிருக்கும். பலருக்குக் கருவுற்றதே தெரிந்திருக்காது. முன்பு இத்தகைய குறையுள்ள குழந்தையைச் சுமந்த தாய்மார்களிடம் ஃபோலிக் அமிலம் மறுபடி அது நேர்வதை 72 விழுக்காடு குறைப்பதை 1991-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் குழுவின் சோதனை காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்றாம் மாதம் பதிவு செய்யும்போது கொடுக்கும் மாத்திரை ரத்தசோகைக்கு உதவும், நரம்புக்குழலுக்குத் தாமதமாகிவிட்டது. கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும் என்பதை ஒரு விலங்கியல் பட்டதாரி தன் தெருவில் இருக்கும் பெண்களுக்குச் சொல்ல முடிந்தால், இந்தத் தாளுக்கு அதைவிடப் பெரிய பயன் வேண்டியதில்லை.

இன்னொன்று: அமெரிக்காவின் ஐடஹோவில் 1950-களில் ஆடுகள் நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணோடு குட்டி ஈன்றன. சினைபட்ட 14-ஆம் நாள் வாக்கில் தாயாடு ஒரு காட்டுச்செடியைத் தின்றிருந்தது. அதிலிருந்த பொருளுக்குச் சைக்ளோபமீன் என்று பெயரிட்டார்கள். நூஸ்லைன்-ஃபோல்ஹார்டின் பட்டியலில் ‘முள்ளெலி’ என்று பெயர்பெற்ற மரபணுவின் செய்தியை அது தடுக்கிறது என்பது பின்னர் தெரிந்தது. அதே செய்திப்பாதை பெரியவர்களின் ஒருவகைத் தோல்புற்றில் கட்டுக்கடங்காமல் ஓடுகிறது. அதை அடைக்கும் மருந்து 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆட்டுக்குட்டியின் முகமும் ஈயின் லார்வாத் தோலும் புற்றுநோய் மருந்தும் ஒரே இழையில் கோத்திருப்பதை வகுப்பில் சொல்லும்போது பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

புதிய கருவிகள் வேகமாக வருகின்றன. கருவின் ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணு இயங்குகிறது என்று மணிவாரியாகப் படிக்கும் ஆய்வுகள் 2018-இல் சீப்ரா மீனிலும் தவளையிலும் வெளிவந்தன. குருத்தணுக்களைச் சேர்த்துக் கருவைப்போன்ற அமைப்புகளை வளர்க்கிறார்கள். மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது என்று 1984-இல் வார்னாக் குழு வகுத்த எல்லை உலகில் மீண்டும் விவாதத்துக்கு வந்திருக்கிறது. இளங்கலை மாணவர் இந்தக் கருவிகளைத் தொட முடியாது; ஆனால் அவற்றின் தரவுகள் பொதுவெளியில் கிடைக்கின்றன, இணைய இணைப்பிருந்தால் போதும். 14 நாள் எல்லை ஏன் அந்த நாளில் வைக்கப்பட்டது என்று கேட்டால், உடலின் அச்சைக் குறிக்கும் ஆதிக்கோடு தோன்றத் தொடங்கும் நாள் அது என்று பதில் சொல்லும் மாணவர், கோழிக்கருவில் அந்தக் கோட்டை நேரில் பார்த்தவராக இருப்பது நல்லது.

படிப்புக்குப் பின் என்ன வழி என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஆய்வுக்குப் போக விரும்புவோர் எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உயிர் அறிவியலின் 13 அலகுகளில் ஐந்தாவது வளர்ச்சி உயிரியல். பெங்களூரின் என்.சி.பி.எஸ்., மும்பையின் டாட்டா ஆய்வு நிறுவனம், ஹைதராபாதின் சி.சி.எம்.பி., ஐசர் நிறுவனங்கள் என்று ஈ, மீன், எலி, செடி வைத்து வேலை செய்யும் குழுக்கள் இருக்கின்றன. அங்கே நேர்முகத்தில், ஒரு சோதனையை விவரித்து ‘விளைவு இப்படி வந்தால் என்ன பொருள்?’ என்றுதான் கேட்பார்கள். பாகம் குறித்த படம் அங்கே உதவாது. இன்னொரு வழி கருத்தரிப்பு மருத்துவமனைகளின் ஆய்வகம். கொல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் 1978 அக்டோபர் 3-இல் சோதனைக்குழாய்க் குழந்தை துர்கா பிறந்த காலத்தில் அவரை நம்பியவர்கள் மிகக் குறைவு. இன்று நம் மாவட்டத் தலைநகரங்கள் வரை இந்த மருத்துவமனைகள் வந்துவிட்டன. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றில் கருவியலாளர் என்ற பணியை முறைப்படுத்தியிருக்கிறது. அந்த வேலையின் சாரம், மூன்றாம் நாள் எட்டுச் செல் கருவையும் ஐந்தாம் நாள் கருக்கோளத்தையும் நுண்ணோக்கியில் பார்த்து, செல்கள் சமமாகப் பிரிந்திருக்கின்றனவா, சிதைவு எவ்வளவு, எதைக் கருப்பைக்கு அனுப்பலாம் என்று மதிப்பிடுவது. அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் இந்தத் தாளின் செய்முறை மதிப்பெண்ணில் ஒரு பங்கை ஸ்பாட்டரிலிருந்து எடுத்து, மாணவர் தாமே அடைவைத்து, தாமே சன்னல் வெட்டி, நாள்தோறும் நிலை குறித்த ஒரு முட்டைக்குக் கொடுக்கலாம். அதற்கு அரசாணையோ புதிய நிதியோ தேவையில்லை. பாடத்திட்டக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.